மாப்பிள்ளை கண்டுபிடித்த வைரஸ்

12 ஜனவரி 2015, திங்கள்

ஊட்டியில் காலையில் ரேஸ்கோர்ஸ் முழுக்க உறைபனி. குன்னூருக்கு பஸ்ஸில் வரும் வழியெல்லாம் சால்வைக்குள்ளிருந்து கையை எடுக்கவில்லை. ஆய்வகத்துக்கு வந்தால் மாப்பிள்ளை படுத்துவிட்டார்.

மாப்பிள்ளை என்பது எங்கள் லேசர் கருவி. நான் வைத்த பேர். குளிர் ஆகாது, ஈரம் ஆகாது, யாராவது கதவை அறைந்தால் கோபம் வேறு. அம்மா எனக்குத் தேடுகிற மாப்பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை, இவர் கிடைத்திருக்கிறார். அருண்பிரசாத் சார் காதில் விழாமல்தான் இப்படிக் கூப்பிடுவது. இந்தத் திட்டம் அவருடையது. கோவையில் கல்லூரி வேலை, வாரத்தில் இரண்டு நாள் மலையேறி வருவார். மற்ற நாளெல்லாம் நானும் மாப்பிள்ளையும்தான்.

ஹீட்டரைப் பக்கத்தில் வைத்துச் சமாதானம் செய்தேன். மதியத்துக்கு மேல் கண் திறந்தார்.

புதுச் சில்லுகள் வந்துவிட்டன. தபால்தலை அளவுக் கண்ணாடி, மேலே வெள்ளிப் பூச்சு. பார்வைக்கு ஒன்றுமில்லை, அழுக்குச் சாம்பல் நிறம். பெரிதாக்கிப் பார்த்தால்தான் தெரியும் — தலைமுடியைவிட ஆயிரம் மடங்கு மெல்லிய வெள்ளிக் கம்பிகள், காற்றில் சாய்ந்த புல் மாதிரி நெருக்கியடித்து நிற்கும். நான் இதை வெள்ளிப் புல் என்கிறேன்.

ராத்திரி சாப்பாட்டில் அத்தா கேட்டார்: "ஏங் கண்ணு, அந்த லேசர அடிச்சா வைரஸ் செத்துப்போயிருமா?" சாகாது அத்தா என்றேன். எதன்மேல் பட்டாலும் வெளிச்சத்தில் துளியூண்டு நிறம் மாறித் திரும்பும். ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வொரு மாதிரி மாறும். அந்தத் துளி வெளிச்சத்தைப் பல லட்சம் மடங்கு கூட்டிக் கொடுக்கத்தான் வெள்ளிப் புல். மூக்குச் சளியில் ஒரு சொட்டை அதில் காயவைத்தால் உள்ளே என்ன இருக்கிறதென்று கருவி கோடு போட்டுக் காட்டிவிடும். அத்தா தலையாட்டினார். புரிந்ததா, இல்லை பாசமா, தெரியவில்லை.

20 ஜனவரி, செவ்வாய்

மாப்பிள்ளைக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கிற வேலை தொடங்கிவிட்டது. ஃப்ளூ என்று டாக்டர் உறுதிசெய்தவர்களின் சளி ஒரு பக்கம், நலமாக இருப்பவர்களின் சளி இன்னொரு பக்கம். இரண்டையும் மாற்றி மாற்றிக் காட்டினால் எது நோய் என்று கணினி தானாகவே படித்துக்கொள்ளும். நலமானவர்கள் எல்லாம் கோவையில் சாரின் மாணவர்கள். அவரே பெட்டியில் கொண்டுவருகிறார். நோயாளிகள் என் பொறுப்பு. வீடு வீடாகப் போக வேண்டும்.

கிளம்பும்போது அத்தா கீழே தைலக் கடையிலிருந்து குரல் கொடுத்தார். ஒரு பை நிறையச் சின்னப் புட்டிகள். நீலகிரித் தைலம், கடையில் அவர் கையால் பச்சைக் கற்பூரம் சேர்த்துக் கலக்குவது. "நோவாளி ஊட்டுக்கு வெறுங்கையோட போவியா அம்மிணி? மத்தவங்க ரொட்டி வாங்கிட்டுப் போவாங்க. நம்மகிட்ட என்ன இருக்குதோ அதத்தானே குடுக்கோணும்?"

அவர் கொடுத்துவிட்டது நல்லதாகப் போயிற்று. மூக்கில் குச்சி விடுகிறேன் என்று ஒருத்தி வாசலில் நின்றால் யார் கதவைத் திறப்பார்கள்? "நூர் முகமது பாய் மகளா நீ, வா வா" என்று உட்காரவைத்தார்கள். புட்டியைத் திறந்து மூக்கடியில் ஒரு இழுப்பு, நெஞ்சில் ஒரு தேய்ப்பு. அப்புறம் சமர்த்தாக மூக்கைக் காட்டினார்கள்.

31 ஜனவரி, சனி

ஒரே அலைச்சல். பாதம் வெடித்துவிட்டது.

9 பிப்ரவரி, திங்கள்

நூற்றுக்குத் தொண்ணூற்றாறு!!

எது நோய், எது நோயில்லை என்று சொல்லாமல் கலந்துகட்டிக் கொடுத்தோம். மாப்பிள்ளை தொண்ணூற்றாறு சதவீதம் சரியாகச் சொல்லிவிட்டார். சார் நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார். "நாஜ்னீன், ரெண்டு நிமிஷத்துல ஃப்ளூ டெஸ்ட்! ரெண்டு நிமிஷம்!" பேப்பரைத் திறந்தால் பன்றிக்காய்ச்சல் செய்திதான். அரசு ஆய்வகங்களில் கூட்டம் தாங்கவில்லை, ரிசல்ட் வர ஒரு வாரத்துக்கு மேல் ஆகிறது. இந்த நேரத்தில் இப்படி ஒரு கருவி!

நோயாளிகள் கோட்டில் ஓரிடத்தில் ஊசி மாதிரி ஒரு முனை நிற்கிறது. மாணவர்கள் கோட்டில் அது இல்லவே இல்லை. இவ்வளவு சுத்தமாகத் தெரியும் என்று நானே நினைக்கவில்லை. அம்மாவுக்கு அல்வா வாங்கிப் போனேன்.

18 பிப்ரவரி, புதன்

மஞ்சூர்ப் பக்கம் ஆஷ்கோம்ப் எஸ்டேட். தொழிலாளர்களின் லைன் வீடுகளில் காய்ச்சலும் சளியுமாக நிறையப் பேர் படுத்திருப்பதாகச் செய்தி. உண்மையான பரீட்சை இதுதான் என்று சார் அனுப்பினார். ஒவ்வொருவரிடமும் இரண்டு மாதிரி எடுக்க வேண்டும். ஒன்று மாப்பிள்ளைக்கு, இன்னொன்று சென்னை அரசு ஆய்வகத்துக்கு.

முதல் வீடே வீரம்மா வீடு. சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர், லைன் முழுக்க அவர் சொன்னால்தான் அசையும். "எங்களுக்கு என்னா காய்ச்சல்? பனிக்கு வந்த தடிமன். இதுக்கு மூக்குக்குள்ள குச்சி விடணுமா?" என்று இடுப்பில் கைவைத்து நின்றார். தைலப் புட்டியைக் கொடுத்தேன். முகர்ந்தார். முகம் மலர்ந்துவிட்டது. "நல்ல சரக்கு பொண்ணு. லயத்துல எல்லாத்துக்கும் இருக்கா?" இருந்தது. அப்புறம் அவரே முன்னால் நடந்து கதவைத் தட்டினார்.

அவர் மருமகள் ரஞ்சனிக்கு எஸ்டேட் தேயிலை ஃபேக்டரியில் தூள் சலிக்கிற வேலை. ஏழு மாதக் கர்ப்பம். அவளுக்கும் சளி. "அக்கா, டஸ்ட்டுல நிக்கிறதால மூக்கு எப்பவும் இப்படித்தான்" என்று சிரித்தாள். பனியில் கொழுந்து கருகிவிட்டது, வருகிற தூளுக்கும் ஏலத்தில் கேட்பார் இல்லை, குடோன் நிரம்பிக் கிடக்கிறது என்று அவள்தான் சொன்னாள்.

திரும்பும்போது வீரம்மா கைகாட்டிய இடத்தைப் பார்த்தேன். பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரி. "பத்து நாள் ரிப்பேருன்னு சொல்லித்தான் சாத்துனாங்க. ரெண்டு வருசம் ஆச்சு." ஜன்னல் வழியாக உண்ணிச்செடி வெளியே தலைநீட்டிக்கொண்டிருந்தது.

20 பிப்ரவரி, வெள்ளி

எல்லோருக்கும் நோய்.

ஒருவர் விடாமல். வீரம்மா, ரஞ்சனி, லைன் மொத்தமும். ஊசி மாதிரி அந்த முனை — ஒவ்வொரு கோட்டிலும் நிற்கிறது. ரஞ்சனியின் சில்லை மூன்று தடவை வைத்துப் பார்த்தேன். அதேதான். கர்ப்பிணிகளுக்கு இந்தக் காய்ச்சல் ஆபத்து என்று தினமும் பேப்பரில் படிக்கிறோமே!

சார் கோவையில். போனில் சொன்னேன். "எஸ்டேட்ல சொல்லிருங்க, மறைக்கக் கூடாது" என்றார். உடனே மேனேஜர் தேவநேசனைக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டேன். "அப்படியா" என்றார். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. எனக்கே ஒரு மாதிரி இருந்தது.

நாளையும் நாளை மறுநாளும் ஆய்வகத்தில் வயரிங் வேலை. மின்சாரம் இருக்காது, ஹீட்டர் ஓடாது, சில்லுகளை ஈரத்தில் போட்டுவைக்க முடியாது. புதுப் பெட்டியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்து என் அறை அலமாரியில் வைத்திருக்கிறேன். மூடியில் விரிசல். டேப் ஒட்டினேன்.

21 பிப்ரவரி, சனி

ஃபேக்டரியை மூடப்போகிறார்களாம்.

தேவநேசன்தான் கூப்பிட்டார். கொச்சியில் இருக்கும் முதலாளியிடம் சொன்னாராம். "வைரஸ்னா சும்மாவா? செவ்வாய்க்கிழமையிலிருந்து மூடிடுங்க" என்றாராம். எத்தனை நாளைக்கு சார் என்று கேட்டேன். எழுந்து ரூம் கதவைச் சாத்துகிற சத்தம் கேட்டது. அப்புறம் சொன்னார்: "உங்ககிட்ட மறைச்சு என்னம்மா ஆகப்போகுது. ஒவ்வொரு கிலோவுக்கும் நஷ்டம். மூட ஒரு காரணம் கிடைச்சா போதும்னு இருந்தாங்க. கிடைச்சிருச்சு."

சென்னை ரிசல்ட் வரட்டும் சார் என்றேன். அது எப்ப வருமோ, உங்க மெஷின்தான் ரெண்டு நிமிஷத்துல சொல்லிருச்சே என்றார்.

சாயங்காலம் வீரம்மா. யாரிடமோ நம்பர் வாங்கியிருக்கிறார். திட்டினால்கூடத் தாங்கியிருப்பேன். "பொண்ணு, நீ வந்து மூக்கப் பாத்த, நாங்களும் காட்டுனோம். இப்ப அடுப்புல ஒல வைக்க வழியில்லாமப் பண்ணிட்டியே" என்றார். அழவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. நான் என்ன பண்ணுவேன்? நோய் இருந்தா இருக்குன்னுதானே சொல்லோணும்? இல்லைன்னு பொய் சொல்லட்டுமா? ரஞ்சனிக்கு ஒண்ணு ஆயிட்டா?

22 பிப்ரவரி, ஞாயிறு

சாப்பாடு இறங்கவில்லை. அம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு தைலம் தேய்த்துவிட்டார்.

23 பிப்ரவரி, திங்கள்

இன்று நடந்ததை ஒழுங்காக எழுத வேண்டும். முதல் வரியையே இரண்டு தடவை அடித்துவிட்டேன். சிரிப்பும் வந்து தொலைக்கிறது.

காலையில் பெட்டியோடு குன்னூர் போனேன். வேலை தொடங்குமுன் ஒரு வெறும் சில்லை வைத்துப் பார்ப்பது வழக்கம். சளி இல்லை, சொட்டு இல்லை, வெறும் வெள்ளிப் புல். கோடு தட்டையாக வர வேண்டும். வரவில்லை. அதே முனை. திரையில் "நோய் உண்டு".

மாப்பிள்ளைக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றுதான் நினைத்தேன். இன்னொரு சில்லு வைத்தேன். நோய். இன்னொன்று. நோய். ஆய்வக டிராயரில் பழைய பெட்டியிலிருந்த ஒன்றை வைத்தேன். தட்டை! நோய் இல்லை!

அப்போ கருவியில் கோளாறு இல்லை. என் வீட்டில் இருந்த சில்லுகளுக்குத்தான் நோய். என் அறையில் அப்படி என்ன இருக்கிறது? கட்டில், அலமாரி, நான். கீழே கடை—

கடை!

கைப்பையைக் கவிழ்த்தேன். மிச்சம் ஒரு புட்டி இருந்தது. மூடியைத் திறந்து, பழைய பெட்டிச் சில்லு ஒன்றைப் பக்கத்தில் வைத்து, இரண்டையும் ஒரு டப்பாவுக்குள் போட்டு மூடினேன். வெளியே போய் டீ குடித்தேன். குடித்தேனா, கொட்டினேனா, நினைவில்லை. திரும்பி வந்து சில்லை வைத்தேன்.

நோய் உண்டு. அத்தா கடைத் தைலத்துக்கு ஃப்ளூ காய்ச்சல்.

யா அல்லாஹ், என்ன காரியம் பண்ணியிருக்கேன்! நோயாளிகள் எல்லோருக்கும் தைலம் கொடுத்தது நான். பூசவிட்டுக் குச்சியை விட்டதும் நான். மாணவர்களுக்கு யாரும் தைலம் கொடுக்கவில்லை. மாப்பிள்ளை வைரஸைப் படிக்கவே இல்லை, தைலத்தைப் படித்திருக்கிறார். தொண்ணூற்றாறு சதவீதம் சரியாக யார் தைலம் பூசியவர், யார் பூசாதவர் என்று சொல்லியிருக்கிறார்! வேறு யாராவது போயிருந்தால் வாசனையிலேயே சந்தேகம் வந்திருக்கும். எனக்கு வரவில்லை. பிறந்ததிலிருந்து அந்தக் கடைக்கு மேலேதான் தூங்குகிறேன். எனக்கு அது வாசனையே இல்லை, காற்று.

சாரைக் கூப்பிட்டேன். முழுக்கக் கேட்டார். "நாஜ்னீன்... மார்ச்சுல நம்ம ப்ராஜெக்ட் ரிவ்யூ இருக்கு. அதுவரைக்கும் இத நமக்குள்ளேயே வெச்சுக்க முடியுமா?"

"சார், நாளைக்கு ஃபேக்டரிய மூடுறாங்க."

"ஆமா" என்றார். "ஆமா, ஆமா. காலைல முதல் பஸ்ல போயிருங்க. நான் போன்லயே இருக்கேன். தப்பு நம்ம ரெண்டு பேரோடதும்னு சொல்லுங்க. வெறும் தைலத்த வெச்சு நானாவது ஒரு தடவ பாத்திருக்கணும்."

அந்த ஒரு வார்த்தைக்கே அவர் நன்றாக இருக்கட்டும்.

24 பிப்ரவரி, செவ்வாய்

மஞ்சூர் பஸ் ஒவ்வொரு வளைவிலும் நின்று நின்று போனது. டிரைவரைப் பிடித்துத் தள்ள வேண்டும் போல இருந்தது. குந்தா தாண்டுகிற வரைக்கும் என்ன பேசுவது என்று மனப்பாடம் செய்தேன். எஸ்டேட் ஆபீசில் கால் வைத்ததும் எல்லாம் மறந்துவிட்டது.

நோட்டீஸ் மேஜைமேல் இருந்தது. ஒட்டப் பசைகூடக் கரைத்து வைத்திருந்தார்கள். நின்றபடியே சொல்லிவிட்டேன். தேவநேசன் கண்ணாடியைக் கழற்றினார்.

"போன வாரம் வைரஸ்னு சொன்னது மெஷினு. இன்னைக்கு இல்லைன்னு சொல்றது யாரு?"

"இதுவும் மெஷின்தான் சார். இல்லைன்னும் இன்னும் சொல்ல முடியாதுங்க. அதுக்கு வைரஸே தெரியாது, எங்க தைலம்தான் தெரியும். தெரியாததுக்கு நான் பதில் சொல்லிட்டேன்."

பையிலிருந்து புட்டியை எடுத்து நீட்டினேன். மூடியைத் திறக்கவேயில்லை, அவர் சிரித்துவிட்டார். "இதத் திறக்கணுமாம்மா? நீங்க ரூமுக்குள்ள வந்தா இந்த வாசம்தான் முன்னால வரும். நீங்க போடுற சென்ட்டுன்னு நினைச்சோம். மரியாதைக்குக் கேக்கல." கிளார்க்கும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். மானம் போனது. போகட்டும்!

கொச்சிக்குப் போன் போட்டார். முதலாளி லேசில் விடவில்லை. அருண்பிரசாத் சாரும் பேசினார், மூடுவதற்கு எங்கள் ரிசல்டைக் காரணம் காட்டினால் அது தவறான ரிசல்ட் என்று எழுதியே தருகிறேன் என்றாராம். கடைசியில் முடிவு: சென்னை ரிசல்ட் வருகிறவரை ஃபேக்டரி ஓடும், காய்ச்சல் இருப்பவர்கள் மட்டும் வீட்டில் இருக்க வேண்டும். ஃப்ளூ என்று வந்தால் அன்றைக்கே பூட்டு. தேவநேசன் நோட்டீஸைக் கிழிக்கவில்லை, மடித்து டிராயரில் வைத்தார். "இது உள்ளயே கிடக்கட்டும்னு நீங்களும் வேண்டிக்கோங்க, நானும் வேண்டிக்கிறேன்" என்றார். அவருக்கும் அந்த ஃபேக்டரியை விட்டால் வேறு என்ன இருக்கிறது?

லைனுக்குப் போகவே பயமாக இருந்தது. வீரம்மா வாசலில் நின்று முழுக்கக் கேட்டார். "அப்ப, நீ குடுத்த மருந்தத்தான் நோயின்னு புடிச்சிருக்கு?" ஆமாங்க. "நாங்களும் நல்லா அப்பிக்கிட்டு நின்னிருக்கோம்." ஆமாங்க. உள்ளே ரஞ்சனி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிற சத்தம் கேட்டது. வீரம்மா சிரிக்கவில்லை. "சிரிக்கிறதுக்கு ரிசல்ட்டு வரட்டும்" என்றார். ஆனாலும் தேத்தண்ணி கொடுத்தார். இஞ்சி தட்டிப் போட்டிருந்தது.

26 பிப்ரவரி, வியாழன்

இன்னும் வரவில்லை. போன் அடித்தாலே ஓடிப்போய் எடுக்கிறேன். மெஷின் தப்பு என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடுமா? நிஜமாகவே இருந்தால்?

27 பிப்ரவரி, வெள்ளி

இல்லை!! ஒருத்தருக்கும் இல்லை!

ஆஷ்கோம்பில் எடுத்த அத்தனை மாதிரியிலும் ஃப்ளூ இல்லை. ரஞ்சனிக்கும் இல்லை. சாதாரணச் சளி, பனிக்கு வருகிற தடிமன். வீரம்மா முதல் நாளே சொன்னதுதான்.

குன்னூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது சார் கூப்பிட்டுச் சொன்னார். அப்படியே பெஞ்சில் உட்கார்ந்து அழுதேன். பக்கத்தில் கேரட் மூட்டையோடு இருந்த படுகர் பாட்டி ஒன்றும் கேட்காமல் ஒரு கேரட்டை எடுத்து நீட்டினார். கழுவாமலே தின்றேன்.

தேவநேசனிடம் சொன்னபோது டிராயர் திறக்கிற சத்தமும் பேப்பர் கிழிகிற சத்தமும் கேட்டது. போனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே கிழித்தார் போல. எனக்குக் கேட்கட்டும் என்று.

வீட்டில் சொன்னதும் அம்மா "அல்ஹம்துலில்லாஹ்" என்று முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். அத்தாவுக்கு வேறு கவலை. "ஏங் கண்ணு, என் தைலத்தக் கண்டுபிடிக்கறதுக்கா இத்தன செலவு பண்ணி மெஷின் வாங்குனீங்க? சுத்தமான சரக்குன்னு ஒரு சர்ட்டிபிகேட்டாவது குடுக்கச் சொல்லு." எத்தனை நாள் கழித்துச் சிரிக்கிறேன்! வயிறு வலிக்கிறது.

9 மார்ச், திங்கள்

ரிவ்யூ முடிந்தது. சார் எதையும் மறைக்கவில்லை, தைலக் கதையை அவரே எழுந்து நின்று சொன்னார். பெரியவர்கள் முதலில் சிரித்தார்கள், அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுக் கேள்வி கேட்டார்கள். திட்டத்துக்கு இன்னும் ஒரு வருடம் கேட்டோம், ஆறு மாதம் கிடைத்திருக்கிறது. மறுபடி முதலிலிருந்து. நோயாளிக்கும் நலமானவருக்கும் ஒரே மாதிரி. மூக்கைக் கழுவியபின் குச்சி, குச்சிக்கு அப்புறம்தான் தைலம். தைலத்தை விடுவதாக இல்லை. வெறுங்கையோடு என்னால் போக முடியாது.

28 மார்ச், சனி

புதுப் பாடத்தில் மாப்பிள்ளை எடுத்த மார்க் எழுபத்தொன்று. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இருக்கிறார். இருக்கட்டும். இது அவரே படித்து வாங்கியது.

17 ஏப்ரல், வெள்ளி

இரண்டு வாரம் ஆஷ்கோம்பிலேயே தங்கி மாதிரி எடுத்துவிட்டு இன்று வீடு திரும்பினேன். ஃபேக்டரிக்குப் பின்னால், தேயிலை உலர்த்துகிற அடுப்பறைச் சுவரை ஒட்டி ஒரு ரூம் கொடுத்திருந்தார்கள். தூள் விலை ஏறவில்லை. வாரத்தில் நாலு நாள்தான் ஓட்டுகிறார்கள். ரஞ்சனி பிரசவ லீவில் வாசலில் உட்கார்ந்துகொண்டு, அந்த நாலு நாளும் சங்கு ஊதினால் "அக்கா, ஊதிருச்சு" என்று எனக்குக் குரல் கொடுப்பாள், எனக்குக் காது கேட்காத மாதிரி. லைனில் வீரம்மாவின் புதுச் சட்டம்: "மொதல்ல மூக்கு, பொறவு தைலம். யாரும் முந்தக் கூடாது."

கடை ஓரமாக வீட்டுப் படியேறினேன். நாலாவது படியில் நின்றுவிட்டேன். ஏதோ வாசனை. கண்ணுக்குள் எரிகிற மாதிரி, நெஞ்சு திறக்கிற மாதிரி. ஒரு நிமிடம் கழித்துத்தான் புரிந்தது. அத்தாவின் தைலம். இத்தனை வருடத்தில் இன்றைக்குத்தான் எனக்கு வருகிறது. இவ்வளவு காரமாகவா இருக்கும்? இந்த வாசனையோடா அத்தனை வீட்டுக்குள்ளும் நுழைந்தேன்?

அம்மா கதவைத் திறந்தார். என் சால்வையை மூக்கருகே கொண்டுபோனவர் முகத்தைச் சுளித்தார்.

"என்னடி இது, உன்மேல ஒரே தேயிலத்தூள் வாசமா அடிக்குது? கழட்டு, ஊறப்போடறேன்."

கொடுக்கவில்லை. மடித்துத் தலையணைப் பக்கத்தில் வைத்திருக்கிறேன்.